மெடிக்கல் கடைக்குள் ஒரு டாக்டர்

போடிநாயக்கனூரிலிருந்து மலைக்குப் போகும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகின்றன. முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் ஏறி, பொழுது சாய்கிற நேரத்தில் வந்து இறங்குகிறார்கள். அதில் பெண்களே அதிகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிச் சீட்டு கொடுக்கத் தொடங்கும்போது அவர்கள் மலையில் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஊர் திரும்பும்போது சீட்டு கொடுக்கும் சன்னல் மூடியிருக்கும். பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவு உண்டு. ஆனால் நாலு நாளாக விடாத இருமலுக்கும், விரலிடுக்கில் பரவும் அரிப்புக்கும் அவசரப் பிரிவில் போய் நிற்க யாருக்கும் மனசு வராது. லீவு போட்டுப் போகலாம் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே அவர்களுடைய முதல் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ பஜாரிலோ இருக்கும் மெடிக்கல்தான்.

கடைக்குள் கிளினிக் வைப்பதை அமெரிக்க வணிக உலகம் 2000-ஆம் ஆண்டில் பிறந்த புதுமையாகக் கொண்டாடியது. சூப்பர் மார்க்கெட்டுக்குப் பால் வாங்கப் போகிறவர், முன்பதிவு இல்லாமல் அங்கேயே தொண்டை வலிக்கும் காட்டிக்கொண்டு வரலாம் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களுக்கு இது புதிதல்ல. மெடிக்கல் கடையின் பின்னறையிலோ மாடியிலோ ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு திரை. வெளியே பலகையில் டாக்டரின் பெயர், படிப்பு, "மாலை 6 முதல் 9 வரை". பகலில் வேறெங்கோ வேலை பார்க்கிற டாக்டர் மாலையில் வந்து உட்காருகிறார். பெரும்பாலும் அந்த அறைக்கு வாடகை கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். டாக்டர் எழுதும் சீட்டு முன்னாலுள்ள கடையிலேயே மருந்தாக மாறினால் போதும் என்பது சொல்லாமலே விளங்கும் ஏற்பாடு. மலையடிவாரத்து ஊர்களில் கடைக்குள் மருத்துவம் நெடுங்காலமாக இப்படித்தான் நடந்துவருகிறது.

இந்த வகை மருத்துவத்தின் வளர்ச்சியையும் எதிர்காலத்தையும் ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் வசதி, நேரம், தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது ஒரே கேள்விதான்: அங்கே உட்கார்ந்திருக்கிற டாக்டருக்கோ நர்ஸுக்கோ சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வருகிறது? நோயாளி கொடுக்கிற ஃபீஸ் மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை. மீதியை யார் கட்டுகிறார்களோ, அவர்களுடைய தேவைக்கு ஏற்பத்தான் நோயாளிக்கு வைத்தியம் கிடைக்கிறது. உலகத்தில் நடந்த நாலைந்து முயற்சிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், போடிநாயக்கனூர் என்ற போடிக்கும் அதன் பக்கத்து மலைச் சிற்றூரான குரங்கணிக்கும் எது பொருந்தும், எது பொருந்தாது என்பது தெளிவாகும்.

முதலில் நம் கடையின் கவுண்டரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். டாக்டர் வராத நேரத்தில், அல்லது டாக்டர் ஃபீஸுக்குக் காசு ஒதுக்க முடியாத நாளில், கவுண்டரில் நடப்பது இதுதான். "அண்ணே, காய்ச்சலும் உடம்பு வலியும். ரெண்டு வேளைக்குப் போட்டுக் குடுங்க." "சளி இருக்காக்கா? சாப்பிட்டியளா?" இரண்டு கேள்வி, அரை நிமிடம். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய மாத்திரைகள், ஒவ்வொரு வேளைக்கும் நாலைந்தாகச் சின்னக் காகித உறைக்குள் போகின்றன. இதற்கு 'செட்' என்று பெயர். ஒரு செட்டில் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, சளிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று இருக்கும். பல சமயம் ஆன்டிபயாடிக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் சேரும். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் மிஞ்சும். காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அட்டையின் மறுமுனையோடு கடையிலேயே தங்கிவிடும். மறுநாள் உடம்பெல்லாம் தடித்து அரசு மருத்துவமனைக்குப் போனால், "என்ன மாத்திரை போட்டீங்க?" என்ற கேள்விக்கு "வெள்ளையா ஒண்ணு, செவப்பா ஒண்ணு" என்பதைத் தவிர பதில் கிடையாது.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945 விதிகளும் எந்த மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பட்டியல் போட்டிருக்கின்றன. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2018-இல் தோலில் தடவும் ஸ்டீராய்டு கிரீம்கள் பலவும் சீட்டுக்குக் கட்டுப்பட்டவையாக ஆக்கப்பட்டன. மலை வேலைக்காரர்களுக்கு இந்தக் கடைசி விதி மிக முக்கியமானது. மழையிலும் பனியிலும் நனைந்த துணியோடு நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குப் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் தொழிலோடு சேர்ந்தே வருகின்றன. ஸ்டீராய்டு கலந்த கிரீம் தடவினால் இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். ஆனால் அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும், தோல் மெலியும். கிரீமை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், திரும்பவும் அதே ட்யூப் வாங்க வேண்டிவரும். இந்தச் சுற்றில் மாட்டிய தோலைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகிறது என்பதைத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறார்கள்.

கடைக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மாலை ஏழு மணிக்கு அந்தப் பெண்ணின் வலியைக் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே படித்த மனிதர் அவர்தான். கடனுக்கும் கொடுக்கிறார். "இது நம்ம கையில இல்லக்கா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஆள் அனுப்பி உயிர் காப்பாற்றிய கடைக்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், அவர் கேட்ட கேள்விக்கும் சொன்ன யோசனைக்கும் யாரும் கூலி தருவதில்லை; விற்ற மாத்திரைக்குத்தான் காசு. "ஒண்ணும் வேண்டாம், நல்லா தண்ணி குடிச்சுட்டுப் படுங்க" என்று சொன்னால் அன்றைக்கு அவருக்கு வரும்படி பூஜ்யம்.

சீட்டு கட்டாயம் என்று அரசு இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ கண்முன் இருக்கிற பாடம். 1997-இல் அங்கே ஃபார்மாசியாஸ் சிமிலாரெஸ் என்ற மலிவு மருந்துக்கடைச் சங்கிலி தொடங்கியது. கடையை ஒட்டியே ஓர் அறையில் டாக்டர் உட்காருவார், கட்டணம் மிகக் குறைவு. 2010 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசு, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தியது. கவுண்டரில் நேரடி விற்பனை நின்றது. உடனே மற்றச் சங்கிலிகளும் கடையோரம் டாக்டர் அறைகளைத் திறந்தன, சில ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை பல மடங்கானது. ஏழைகளுக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வழி கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த டாக்டருடைய அறையைத் தாங்கி நிறுத்துவது மருந்து விற்பனை. தேவைக்கு மேல் மருந்து எழுதப்படுகிறது என்ற குற்றச்சாட்டு அங்கே இன்றுவரை ஓயவில்லை. விதி மாறியபோது கவுண்டரில் இருந்த ஆசை பின்னறைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எச்1 பதிவேட்டை மட்டும் கடுமையாக்கிவிட்டு மாலை நேர மருத்துவத்துக்கு வேறு வழி செய்யாவிட்டால், இங்கும் அதே கதை நடக்கும் என்றே நினைக்கிறேன்.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. மினியாபோலிஸ்–செயின்ட் பால் நகரங்களில் கப் ஃபுட்ஸ் என்ற மளிகைக் கடைகளுக்குள் 2000-இல் குவிக்மெட்எக்ஸ் என்ற பெயரில் சின்னக் கிளினிக்குகள் வந்தன. மகனின் தொண்டைப் புண்ணுக்கு ஒரு சாதாரணப் பரிசோதனை செய்ய மணிக்கணக்கில் காத்திருந்த ஒரு தகப்பனின் ஆற்றாமையில் பிறந்த யோசனை அது. டாக்டர் இல்லை, சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ் மட்டும். சில்லறை நோய்கள் சிலவற்றுக்கு மட்டும் வைத்தியம், ரொக்கப் பணம், விலைப்பட்டியல் சுவரில் தொங்கும். பிறகு மினிட்கிளினிக் என்று பெயர் மாறி, 2006-இல் சிவிஎஸ் மருந்துக்கடை நிறுவனத்திடம் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. தரம் குறைந்ததா என்றால் இல்லை. 2009-இல் வந்த ஓர் ஆய்வு, காதுவலி, தொண்டைவலி, சிறுநீர்த்தொற்று மூன்றையும் ஒப்பிட்டது. கடைக் கிளினிக்கில் சராசரிச் செலவு 110 டாலர், டாக்டர் அலுவலகத்தில் 166, அவசரப் பிரிவில் 570. தரத்தில் மோசமில்லை. ஆனால் 2016-இல் வந்த இன்னோர் ஆய்வு அந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் அடக்கியது. கடைக் கிளினிக்குக்குச் சில்லறை நோய்களுக்காக வந்தவர்களில் 58 விழுக்காட்டினர், அது இல்லாவிட்டால் எங்குமே போயிருக்க மாட்டார்கள் என்றது. அதாவது தானே ஆறிவிடும் சளிக்கும் ஒரு பில். மொத்தச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தக் கணக்கு போடிக்கு அப்படியே ஒத்துவராது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்குமே போகாமல் இருந்துவிடுகிற அமெரிக்கருக்குச் சளி. இங்கே எங்குமே போகாமல் இருந்துவிடுகிறவருக்கு ஆறு மாதமாக அளக்கப்படாத ரத்த அழுத்தம். புதிதாக ஒருவர் வந்து காட்டிக்கொள்வது அங்கே வீண்செலவாகவும் இங்கே பெரிய லாபமாகவும் இருக்கலாம்.

வால்மார்ட் 2019-இல் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி, கடையை ஒட்டிப் பெரிய மருத்துவ மையங்களையே கட்டியது. பல், கண், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே கூரைக்குள், விலையும் சகாயம். அமெரிக்கக் கிராமப்புறத்துக்கே இது விடிவு என்று எழுதினார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று, 51 மையங்களையும் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. காப்பீட்டிலிருந்து வருகிற தொகை போதவில்லை, செலவு ஏறிக்கொண்டே போகிறது என்பது சொன்ன காரணம். அதே காலத்தில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை நிறுவனமும், 2021-இல் 520 கோடி டாலர் கொட்டிய வில்லேஜ்எம்டி கிளினிக்குகளில் பலவற்றை மூடத் தொடங்கியது. உலகத்திலேயே பெரிய கடைக்காரரால் முடியவில்லை என்றால், கடை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது என்பது மட்டும் கிளினிக்கைத் தாங்காது என்று பொருள். நம் பெருநகரங்களில் மருந்துக்கடைச் சங்கிலிகள் டாக்டர் அறைகளைத் திறக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். லாபம் வராத காலாண்டில் அந்த அறை காணாமல் போகும். நகரத்தில் அடுத்த தெருவில் வேறு டாக்டர் இருப்பார், மலையடிவாரத்தில் இருக்கமாட்டார்.

இத்தனை தூரம் போய்த் தேடியதற்குப் பதில், போடியிலேயே ஒரு விடை இருபது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையம்.

1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. 1985-இல் தேனியில் கிளை வந்தது. ஊர் ஊராக இலவசக் கண் முகாம் நடத்துவதற்குப் பெயர் பெற்றவர்கள். 1999-இல் வெளியான ஓர் ஆய்வு அவர்களுடைய நம்பிக்கையையே உலுக்கியது. முகாம் நடந்த கிராமங்களில் கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏழு விழுக்காடுகூட இல்லை. இலவசம்தான், ஊருக்குள்ளேயே வந்தும் விட்டது, இருந்தும் வரவில்லை. முகாம் நடக்கிற நாள் மருத்துவமனைக்கு வசதியான நாள், நோயாளிக்கு அன்று வேலை இருக்கும். இந்த உண்மையை மறைக்காமல் எடுத்துவைத்துக்கொண்டு யோசித்ததில் பிறந்ததுதான், தினமும் திறந்திருக்கிற நிரந்தரச் சின்ன மையம் என்ற திட்டம். 2004 முதல் தேனி மருத்துவமனையைச் சுற்றி இவை தொடங்கின. போடி, சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்கள் முதல் வரிசையில் வந்தன. அன்றைக்கு இந்த ஊர்களில் ஒழுங்கான இணைய வசதி கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வீட்டுக்குள் புழங்குகிற வைஃபை கருவியையே உயரமான கோபுரத்தில் ஏற்றி, கிலோமீட்டர் கணக்கில் தூரம் தாண்டவைத்தார்கள். மையத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதித்துப் படம் எடுத்து அனுப்ப, தேனியில் உட்கார்ந்திருக்கிற டாக்டர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். கட்டணம் மிகக் குறைவு. அதே சீட்டில் மூன்று முறை வரலாம். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். புரை முற்றியிருந்தால் தேனிக்கு. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு மையம் என்பது கணக்கு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன.

அமைப்பில் பார்த்தால் இது ஒரு கடைதான். கடைத்தெருவில் இருக்கிறது, முன்பதிவு கிடையாது, சோதிக்கிற இடத்திலேயே சரக்கும் விற்கிறது. சீட்டு எழுதுகிற கையும் விற்கிற கையும் ஒன்றாக இருப்பது ஆபத்து என்றால், இங்கும் அந்த ஆபத்து உண்டே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது. கண்ணாடி தேவையா இல்லையா என்பதை அளந்து சரிபார்க்க முடியும், ஆன்டிபயாடிக் தேவையா என்பதை அவ்வளவு எளிதில் முடியாது. முடிவு சொல்கிற டாக்டர் கடையில் இல்லை, அவருக்கும் அன்றைய கண்ணாடி விற்பனைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எல்லாவற்றையும்விட, மையத்தின் பின்னால் ஒரு முழு மருத்துவமனை நிற்கிறது. பணம் கட்ட முடிந்தவர்களின் கட்டணத்தில் மற்றவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்கிற கணக்கு அதனிடம் இருக்கிறது. வால்மார்ட்டுக்குப் பின்னால் இல்லாதது இதுதான்.

காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் இப்படி ஒரு மையம் போட முடியாதா? அரசு சில முறை முயன்றிருக்கிறது. 2020 டிசம்பரில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அம்மா மினி கிளினிக்குகளைத் தொடங்கினார். 2,000 இடங்கள், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஓர் உதவியாளர். காலையிலும் மாலையிலும் திறக்கிற நேரம் சரியான சிந்தனை. ஆனால் டாக்டர்கள் ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள். ஆட்சி மாறிய பின், 2022 ஜனவரியில் அவை மூடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தது என்பது காரணம். புதிய அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வரும். 2024-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது, தகுதியான விருதுதான். ஆனால் விடியுமுன் ஜீப் ஏறுகிறவர் வீட்டுக்குப் பகலில் தன்னார்வலர் வந்தால் பூட்டுத்தான் இருக்கும். 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் எட்டு என்ற நேரம் அருமையானது, ஆனால் அவை மாநகராட்சி, நகராட்சிகளுக்கு மட்டும், சுற்றுக் கிராமங்களுக்கு இல்லை. 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் வந்தன. கூட்டுறவுச் சங்கங்களும் தனி மருந்தாளுநர்களும் நடத்துகிற மலிவு விலைக் கடைகள். மருந்து இருக்கிறது, சோதித்துச் சொல்ல ஆள் இல்லை.

வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சரியாக இருக்கிறது. ஒன்றில் நேரம், ஒன்றில் ஆள், ஒன்றில் மருந்து. எல்லாத் துண்டும் ஓர் இடத்தில் சேரவில்லை. கட்சி மாறினால் பெயர்ப்பலகையோடு நேரமும் ஆளும் சேர்ந்து மாறிவிடுவதுதான் எனக்குத் தாங்கமுடியாத வருத்தம்.

குரங்கணிப் பக்கம் வந்தால் இன்னொரு படி கீழே இறங்க வேண்டும். முந்தலில் போடிமெட்டுச் சாலையிலிருந்து பிரிந்து, கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகிற வழி குரங்கணியில் முடிகிறது. மேலே சென்ட்ரல் ஸ்டேஷன், முதுவாக்குடி, கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு மலைத் தேயிலை, குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவழியில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடி வழியாக வெளியுலகம் போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைப் பெட்டிக்கு நூறு ஆண்டுக்கு முன்பே கம்பிவழி போட்ட மலையில், பாதையில்லாத குடியிருப்புகளிலிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் சுமந்து இறக்குகிறார்கள். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தபோது, காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவரப் பட்ட பாட்டை நாடே பார்த்தது. பெரும் விபத்துக்குக் கடைக் கிளினிக் எந்த விதத்திலும் விடையாகாது. அதற்கு வேண்டியது பாதையும் ஆம்புலன்ஸும் தீக்காயப் பிரிவும்.

ஆனால் அன்றாட நோய்க்கு இந்தச் சிற்றூர்களில் பெட்டிக்கடைக்கே சட்டம் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. 1945 மருந்து விதிகளின் கே அட்டவணைப்படி, ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமத்தில் பாராசிட்டமால், வலித் தைலம், தீக்காயக் களிம்பு, பஞ்சு, கட்டுத்துணி போன்ற வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமலே விற்கலாம். பீடிக்கட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் பக்கத்தில் காய்ச்சல் மாத்திரை தொங்குவது இதனால்தான் குற்றமாவதில்லை. அந்தக் கடைக்காரருக்கு எத்தனை நாள் காய்ச்சலுக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், குழந்தைக்கு எந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது, பாம்பு கடித்தால் என்ன செய்யக்கூடாது என்று ஒரு நாள் பயிற்சி கொடுப்பதற்கு ஆகிற செலவு மிகச் சொற்பம். பயிற்சி பெற்ற கடைக்கு ஒரு பலகையும், கூப்பிட ஒரு போன் எண்ணும் தரலாம். பெரிய திட்டங்களின் வெளிச்சத்தில் இப்படிப்பட்ட சின்னக் காரியங்கள் கண்ணில் படுவதில்லை.

இங்கிலாந்து இந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. 2024 ஜனவரி 31 முதல் அங்கே மருந்தாளுநரே ஏழு நோய்களுக்குச் சோதித்து மருந்து தரலாம். தொண்டைவலி, காதுவலி, சைனஸ், பூச்சிக்கடித் தொற்று, சீழ்க்கொப்புளம், அக்கி, பெண்களின் எளிய சிறுநீர்த்தொற்று ஆகியவை. அதில் நான் கவனிக்கிற அம்சம் பணம்தான். நோயாளியைப் பார்த்து ஆலோசனை சொன்னதற்கே தேசியச் சுகாதாரச் சேவை மருந்தாளுநருக்குக் கட்டணம் தருகிறது. மருந்து கொடுக்காமல் அனுப்பினாலும் அந்தக் கட்டணம் உண்டு. "ஒண்ணும் வேண்டாம், தண்ணி குடிச்சுட்டுப் படுங்க" என்று சொல்ல நம் கடைக்காரருக்குக் கிடைக்காத தைரியம் அவருக்குக் கிடைக்கிறது.

அப்படியானால் ஏலத்தோட்டத்துக் கூலிப் பெண்ணுக்காக அந்தக் கட்டணத்தை யார் தருவது? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதி செய்துதருவது முதலாளியின் கடமை என்றது. பெரிய தேயிலைக் கம்பெனிகள் எஸ்டேட் ஆஸ்பத்திரி கட்டியது இதன் அடிப்படையில்தான். ஆனால் அது ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேராவது வேலை செய்கிற தோட்டங்களுக்கு உரியது. ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை சின்ன உடைமைகள். தொழிலாளி ஒரு வாரம் ஒரு தோட்டத்திலும் மறுவாரம் இன்னொன்றிலும் வேலை பார்க்கிறார். குடியிருப்பது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். அந்தச் சட்டம் இன்று புதிய தொழிலாளர் தொகுப்புகளுக்குள் போய்விட்டாலும், ஜீப்பில் போய்வருகிற தினக்கூலி யாருடைய ஆள் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. பூச்சிமருந்து தெளித்த செடிக்குள் குனிந்து குனிந்து காய் எடுத்து, கண்ணெரிச்சலோடும் இடுப்புவலியோடும் வருகிறவருக்கு இரண்டு மாநிலங்களில் எதுவும் சொந்த மாநிலமாக நடந்துகொள்வதில்லை.

சிதறிக் கிடக்கிற இந்தத் தொழில் முழுவதும் ஒன்றாகக் கூடுகிற ஓர் இடம் உண்டு. ஏலக்காய்க்கான ஸ்பைசஸ் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. சிறு விவசாயியின் மூட்டையும் பெரிய தோட்டத்தின் மூட்டையும் அங்கே ஒரே திரையில் விலை போகின்றன. கட்டடத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு வசூலிக்க 1996-இலேயே நாடு சட்டம் செய்துவிட்டது. ஏலம் போகிற ஒவ்வொரு கிலோவிலும் ஒரு சின்னத் தொகையை எடுத்து, அந்தக் காயை எடுத்த கைகளின் மருத்துவத்துக்கு ஒதுக்குவதில் என்ன தடை? விலை ஏறி இறங்குகிற சரக்கு, விவசாயிக்குச் சுமை என்று எதிர்ப்பு வரும். விலை விழுந்த ஆண்டுகளில் அவர்கள் பட்ட நஷ்டம் உண்மையானது. ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேல் போனால் மட்டும் பிடித்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பணத்தில் பெரிய கட்டடம் வேண்டாம். ஜீப்புகள் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், கூட்டுறவு மருந்தகத்தையோ முதல்வர் மருந்தகத்தையோ ஒட்டி ஓர் அறை. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை ஒரு நர்ஸ். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை மூன்றையும் அளக்கும் கருவிகள், தோலைப் படம் எடுக்க ஒரு போன். தொலைவிலிருந்து டாக்டர் பார்த்து மருந்து எழுத 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இடம் தருகிறது. இ-சஞ்சீவனி என்ற அரசு ஏற்பாடும் ஓடிக்கொண்டிருக்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து மாலை நேரத்துக்கு ஒரு டாக்டரைத் திரையில் உட்காரவைக்கலாம். சீட்டில் மருந்தின் பெயர் தமிழிலும் அச்சாகி வரவேண்டும், முழு அட்டையாகவே மருந்து தரவேண்டும், நர்ஸின் சம்பளத்துக்கும் பக்கத்துக் கடையின் கல்லாவுக்கும் ஒரு பைசா தொடர்பு இருக்கக்கூடாது. வாரம் ஒரு மாலை அதே நர்ஸ் குரங்கணிக்கும் போய் ரேஷன் கடையில் உட்காரட்டும், அரிசி போடுகிற நாளாகப் பார்த்து.

ஏலப் பிடித்தத்துக்கு ஸ்பைசஸ் வாரியமும் இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் விவசாயிகள் சங்கங்களும் உட்கார்ந்து பேசவேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நர்ஸின் வேலை நேரத்தைப் பகலிலிருந்து மாலைக்கு மாற்றுவது சுகாதாரத் துறைக்குள்ளேயே முடிகிற காரியம். துணை சுகாதார நிலையங்களில் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், கருவிகளும் இருக்கின்றன. அடுத்த காய் எடுப்புப் பருவம் தொடங்குவதற்குள் போடியில் ஒரே ஒரு ஜீப் ஸ்டாண்டில் இதைத் தொடங்கி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு மருந்தே தேவைப்படவில்லை என்ற இரண்டு கணக்கையும் எழுதிவைக்க வேண்டும். வாரியத்தின் மேசைக்குப் போகும்போது அந்தக் கணக்கு கையில் இருக்கும்.